மார்கழிக் குளிரில் ஒரு வில்லுப்பாட்டு

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களுக்காக, வீட்டு முற்றத்தில் பாட நாகர்கோவில் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை அழைத்திருந்தோம். அருமை! பழிவாங்க வந்த பேய்ப்பெண் கள்ளியங்காட்டு நீலியின் கதை. குழுவை நடத்திப் பாடும் புலவர் அம்மா வீசுகோலை வில்லின் நாணில் தட்டியதும் மணிகள் கலகலவென்று குலுங்க, குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அடித்த அந்த 'தொம்' நெஞ்சுக்குள்ளேயே கேட்டது, வாடைக்காற்றில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டி "ஆமா" போட ஆரம்பித்துவிட்டார். உடுக்கை மட்டும் மைக்கில் கொஞ்சம் அமுங்கியது. அது சவுண்டு செட்டுக்காரர் வைத்த குறை. சின்ன முற்றத்துக்கு மைக்கே வேண்டாம். அப்புறம், பேசிய பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை, சுக்குக்காப்பி குடித்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் பாடினார்கள். அடுத்த மார்கழிக்கும் இவர்கள்தான், இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.