வெள்ளத்தில் மூழ்கிய காரா? வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் நின்ற என் 2018 மாடல் கார் ஸ்டியரிங் வரைக்கும் முழுகிக் கிடந்தது. விவரமானவர்கள் முந்தின நாளே மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். நான் சோம்பலில் விட்டேன், அது என் தப்பு.

தண்ணீர் வடிந்ததும் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். சாவியைத் தொடவே இல்லை. 2015 வெள்ளத்தில் அத்தை மகன் "ஒரே ஒரு தடவை" ஸ்டார்ட் செய்து பார்த்து, இன்ஜினுக்குள் போன தண்ணீரில் கனெக்டிங் ராட் வளைந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீர்க் கறை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, டோ வண்டிக்குக் காத்திருந்தேன்.

சர்வீஸ் சென்டரில் எங்கு பார்த்தாலும் சேறு பூசிய கார்கள். அட்வைசர் இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவத்தை நீட்டி, "கூட்டத்தைப் பாருங்க சார், கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நாங்க எழுதிக்கிறோம்" என்றார். போட்டேன்.

மூன்று வாரம் கழித்து போன். இன்ஜினுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராதாம். ஏன்? படிவத்தில் 'சேதம் எப்படி ஏற்பட்டது' என்ற இடத்தில், 'தண்ணீர் புகுந்த பின் உரிமையாளர் ஸ்டார்ட் செய்ய முயன்றார்' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து, வேறு யாரோ கையெழுத்தில் வாக்குமூலம்! வெள்ளத்தால் நேராக வந்த சேதம் சாதாரண பாலிசியிலேயே அடங்கும். ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்றால் அது தொடர்விளைவு. அதற்குப் பணம் கிடைக்க, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று நான் எடுக்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. வண்டியின் ஐடிவி, அதாவது பாலிசியில் போட்டிருக்கிற வண்டியின் மதிப்பு, 3,60,000 ரூபாய். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 2,70,000-ஐத் தாண்டினால், டோட்டல் லாஸ்: ரிப்பேருக்குப் பதில் ஐடிவி கணக்கிலேயே பணம் தருவார்கள். எஸ்டிமேட் 3,10,000. இன்ஜினுக்கான 1,35,000-ஐக் கழித்ததும் 1,75,000 ஆகிவிட்டது. டோட்டல் லாஸ் போச்சு. மிச்சத்திலும் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கெல்லாம் பாதிதான், ஏனென்றால் தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற ஜீரோ டெப் காப்பீடும் என்னிடம் இல்லை.

கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் ரிப்போர்ட் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். கேட்டால் தரவேண்டும், வாயால் கேட்டால் இழுத்தடிப்பார்கள். டோ வண்டிக்காரர் ரசீதில் 'வண்டி ஸ்டார்ட் செய்யப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார், புண்ணியவான். அதையும் போட்டோக்களையும் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டேன். ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு பாலிசிதாரர்களின் புகாரை விசாரிக்கிற, தேனாம்பேட்டையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விசாரணைக்கு முன்பே கம்பெனி இறங்கிவந்து டோட்டல் லாஸாக முடித்துக்கொடுத்தது.

சர்வீஸ் சென்டர் மட்டும் அசரவில்லை. இத்தனை மாதம் வண்டி நின்றதற்குப் பார்க்கிங் சார்ஜ் என்று 21,000 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். நீட்டிய பில்லில் வாடிக்கையாளர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, 'ஆட்சேபணையுடன் செலுத்தினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.