நிறம் மாறுது, கோடு விழுது: வீட்டு ஃபோட்டோ பிரிண்டருடன் சில வருடங்கள்

ஆறு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் படங்களை 4×6 அங்குலத்தில் போட்டு ஆல்பத்தில் சேர்க்கத்தான் வாங்கினோம். இத்தனை நாளில் வந்த தொந்தரவுகளில் பாதிக்கு மேல் மை காய்ந்ததாலும், மீதியில் பெரும்பகுதி செட்டிங் பொருந்தாததாலும் வந்தவை.

படத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் பலரும் உடனே ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டை பிரிண்டரே சுத்தம் செய்துகொள்வது) போடுகிறார்கள். முதலில் போட வேண்டியது நாசில் செக், அதாவது ஹெட்டின் மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு வண்ணத்திலும் கட்டம் அடிக்கும் சோதனை. சாதாரணத் தாளே போதும். எந்த வண்ணத்தில் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். மஞ்சள் மட்டும் வெள்ளைத் தாளில் சட்டென்று கண்ணில் படாது, நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஒருமுறை கிளீனிங், மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று முறைக்கும் சரியாகவில்லையா, பிரிண்டரை அணைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காய்ந்த மை ஊறி இளகினால் காலையில் பல சமயம் தானாகவே வழிவிடும். கட்டம் முழுசாக இருந்தும் கோடு விழுகிறது என்றால் ஹெட் அலைன்மென்ட் (ஹெட் அச்சடிக்கும் இடத்தை நேராக்கும் வசதி) செய்து பாருங்கள்.

கிளீனிங்கில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தடவையும் மை உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. அது எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கும். எல்லை தொட்டதும் டேங்கில் மை இருந்தாலும் அச்சடிக்க மறுத்துவிடும். சில மாடல்களில் அந்தப் பஞ்சை நாமே மாற்றலாம், சிலவற்றுக்கு சர்வீஸ் சென்டர்தான் வழி.

மை காயாமல் இருக்க வாரம் ஒருமுறை எல்லா வண்ணமும் உள்ள ஒரு பக்கம் அடித்தால் போதும். இன்னொன்று, பிரிண்டரின் சொந்தப் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் ஸ்விட்சை நேராக அணைத்தால் அது பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடலாம்.

அடுத்தது நிறம். முகம் சிவந்தோ, படம் முழுக்க இருண்டோ வந்தால் முதலில் பேப்பர் டைப்பைப் பாருங்கள். கிளாஸி தாளை வைத்துவிட்டு செட்டிங்கில் ப்ளெயின் பேப்பர் என்று விட்டால் மை திட்டுத்திட்டாக நிற்கும். அப்புறம், நிறத்தைச் சரிசெய்யும் வேலையை படம் திருத்தும் மென்பொருளோ டிரைவரோ (பிரிண்டரை இயக்க கணினியில் இருக்கும் மென்பொருள்) ஒன்றுதான் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். திரையின் வெளிச்சத்தை அதிகம் வைத்துக்கொண்டு திருத்திய படமும் தாளில் இருட்டாகத்தான் வரும்.

ஃபோன் படங்களில் தலை வெட்டுப்படுவது பிரிண்டரின் கோளாறு இல்லை. ஃபோன் படம் பெரும்பாலும் 4:3, தாள் 3:2. ஓரமில்லாமல் அடிக்கும்போது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவதால் விளிம்பு இன்னும் போகும். அச்சுக்கு முன்பே நாமே 3:2க்கு வெட்டி, ஓரத்தில் சற்று இடம் விட்டு வைப்பது நல்லது.

மழைக்காலத்தில் ஃபோட்டோ தாள் ஈரத்தில் வளைந்து, இரண்டு மூன்றாக ஒட்டி உள்ளே போகும். பிரித்த பாக்கெட்டை ஜிப் கவரில் வைக்கிறேன், ட்ரேயில் கொஞ்சம் தாள்தான் போடுகிறேன். தாளை இழுக்காமல் ரோலர் வழுக்கினால் லேசாக ஈரமாக்கிய, நூல் உதிராத துணியால் துடைத்தால் மறுபடி பிடிக்கும்.