சென்னையின் எஃப்.சி.: பதினோரு வருட உபயோகத்துக்குப் பிறகு

2014 அக்டோபரில் வாங்கிய நீல ஜெர்சி இன்னும் பீரோவில் கிடக்கிறது. நம்பர் உரிந்துவிட்டது, நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது, போட்டுப் பார்த்தால் வயிற்றுக்கு மேலே நிற்கிறது. மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பத்து வருடம் கழித்து அனுபவம் எழுதுகிறார்கள். நான் எனக்குத் தெரிந்த ஒரே பொருளான சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியைப் பற்றி எழுதுகிறேன். இதற்கு வாரன்டி கிடையாது, மாற்றித் தரவும் மாட்டார்கள்.

முதலில் பெயரைப் பற்றி. 'சென்னையின்' என்று பெயர் வைத்து அங்கேயே நிறுத்திவிட்டார்கள். தமிழ் படித்தவன் யாரும் அடுத்து ஒரு சொல்லை எதிர்பார்ப்பான். சென்னையின் எது? சென்னையின் யார்? வேடிக்கையாகத்தான் அன்றைக்கு நைனாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம பசங்க எத்தனை பேரு இருக்காங்க அதுல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒவ்வொரு சீசனும் கேட்கிறார்.

நைனா பழைய ஆள். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். இந்தியன் வங்கி அணிக்கு சபீர் பாஷா ஆடிய காலத்தில் வேலையை அரை நாள் போட்டுவிட்டு லீக் மேட்ச் பார்க்கப் போனவர். பக்கத்திலேயே வியாசர்பாடி. அதைக் குட்டி பிரேசில் என்பார்கள். மழை நின்ற மறுநாளே சேற்றில் பந்து உருளும் பகுதி. அவருக்கு அபிஷேக் பச்சனும் தோனியும் முதலாளியாக இருக்கும் அணி, இந்தியன் சூப்பர் லீக் என்று மூன்று மாத லீக், எட்டே டீம் எல்லாம் கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா மாதிரி. வந்து வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்.

எனக்கு அப்போது அந்தக் கவலை இல்லை. மாத்தராஸ்ஸி கோச்! 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் மார்பில் முட்டு வாங்கியவர் பெரியமேட்டில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார் என்றால் நம்ப முடியுமா? இன்னொரு இத்தாலிய உலகக் கோப்பை வீரர் நெஸ்டா சில ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். பிரேசில்காரர் எலானோ ஃப்ரீ கிக் அடிக்க வந்து நின்றால் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்பவன்கூட நிறுத்திவிடுவான். அந்த சீசனில் 8 கோல், லீக்கிலேயே அதிகம். நாங்கள் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ், கொச்சியில் 0-3. இங்கே வந்து 90 நிமிடத்தில் அந்த மூன்றையும் திருப்பி அடித்தோம். ஸ்டேடியம் அதிர்ந்தது என்று எழுதுவது வழக்கம். நான் என் பக்கத்து சீட்டுக்காரரின் செருப்பு காணாமல் போனதைத்தான் எழுதுவேன், ஏனென்றால் அது உண்மை. எக்ஸ்ட்ரா டைம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பியர்சன் அடித்த கோலில் போய்விட்டது. மூர் மார்க்கெட் ஸ்டேஷன் வரை யாரும் யாரோடும் பேசவில்லை.

இந்த அணியின் குணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. சமமாக ஓடவே ஓடாது. கடைசியில் கிடக்கும், திடீரென்று எழும், எழுந்த வேகத்தில் மறுபடி விழும்.

2015ல் அடிமட்டத்தில் கிடந்து, தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்து அரையிறுதிக்குப் போனோம். அதற்குள் டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், டிவி போய்விட்டது. நம் 'ஹோம்' அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தது டீக்கடை ரேடியோவில் கேட்ட செய்தி போலத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 20, கோவாவில் இறுதி. மச்சான் வீட்டு மாடியில், ஈரம் காயாத சுவருக்கு முன்னால் பன்னிரண்டு பேர். 87வது நிமிடத்தில் கோவா 2-1. ஒருத்தன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். 90வது நிமிடத்தில் கோவா கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து உள்ளே. சட்டை மாட்டியவன் அப்படியே நின்றான். இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா. 3-2. அந்த வருடம் மெண்டோசா 13 கோல். கொலம்பியாக்காரன் ஒருத்தன் பேரை வடசென்னையில் பூக்கடைக்காரம்மா வரைக்கும் சொன்ன வாரம் அது.

வெள்ளத்தில் நொந்துபோன ஊருக்குக் கோப்பை ஆறுதலாக இருந்தது என்று அப்போது நிறைய எழுதினார்கள். எங்கள் தெருவுக்கு ஆறுதலாக இருந்தது மின்சாரம் வந்ததுதான். ஆனால் அந்த இரவு மட்டும் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வருடமே சாம்பியன் ஏழாம் இடம்.

இந்தப் பதினோரு வருடத்தில் ஒரே ஒரு அணியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னால் 2017-18 அணியைச் சொல்வேன். ஜான் கிரகரி வந்தார். முந்தைய வருடங்களைப் போல நட்சத்திரம் யாரும் இல்லை. பின்னால் மைல்சன், செரனோ, கால்டரோன். கரண்ஜித் கீப்பர். நடுவில் ரஃபேல் அகஸ்டோ, பையன் மாதிரி இருந்த அனிருத் தாபா, கூடவே வியாசர்பாடி தனபால் கணேஷ். முன்னால் ஜெஜே. ஒரு கோல் அடித்தால் அதைக் கட்டிக் காக்கத் தெரிந்த அணி. 18 ஆட்டத்தில் 32 பாயின்ட், இரண்டாம் இடம். கோவா அணியோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில், மார்ச் 13. ஜெஜே தலையால் முட்டி ஒன்று, மூன்றே நிமிடத்தில் கணேஷ் ஒன்று, கடைசியில் மறுபடி ஜெஜே. 3-0. அன்றைக்குத்தான் நைனா முதல் முறை என்னோடு வந்திருந்தார். கணேஷ் கோல் போட்டதும் அவர் எழுந்திருக்கவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு "நம்ம பையன்டா" என்றார். அவ்வளவுதான். வீடு வரும்வரை அதையே நாலு தடவை சொன்னார்.

இறுதிக்கு பிருந்தாவன் ரயிலில் பெங்களூரு போனோம். கண்டீரவா ஸ்டேடியம் முழுக்க நீலம், நாங்களும் நீலம், யார் யாரென்று பாட்டு தொடங்கினால்தான் தெரியும். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரு எஃப்.சி.யின் சேத்ரி பாய்ந்து தலையால் போட்டார். முடிந்தது என்று நினைத்தேன். நம் கிரெகரி நெல்சன் கார்னர், மைல்சன் தலை. மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன் தலை. ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் மார்க் வாங்கியது போல. அப்புறம் அகஸ்டோ. 3-2, இரண்டாவது கோப்பை. லீக்கில் நம்மைவிட 8 பாயின்ட் மேலே இருந்த அணியை, அவர்கள் வீட்டிலேயே.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு யாராவது உடனே டிக்கெட் போட்டுவிடப் போகிறீர்கள். பொறுங்கள்.

2018-19. 18 ஆட்டம், 2 வெற்றி, 9 பாயின்ட், கடைசி இடம். ஏறக்குறைய அதே ஆட்கள், அதே கோச். கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே, ஜெஜேவுக்குக் கோல் வறட்சி. காரணம் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் சாம்பியன் கடைசியில் கிடப்பதற்கு எந்தக் காரணமும் போதாது. அதே சீசனில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்.சி. நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக் கோப்பையை வாங்கியது. பெத்ரோ மன்சி 21 கோல். எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி உள்ளூர்ப் பையன்கள் நடுவில் ஓடினார்கள். நைனா அந்த வருடம் என்னிடம் எங்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தித்தாளில் அந்தப் படம் வந்த பக்கத்தை மட்டும் மடித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். (அந்த அணி அடுத்த சில வருடங்களில் களத்திலிருந்தே காணாமல் போனது வேறு வயிற்றெரிச்சல். தமிழ்நாட்டில் பந்து ஆடுபவன் ஒரு கிளப்பை நம்பி வீடு வாடகைக்கு எடுக்கக் கூடாது போலிருக்கிறது.) நம் ஆட்கள் ஆசிய கிளப்புகள் ஆடும் ஏ.எஃப்.சி. கோப்பைக்கான 'சொந்த மைதான' ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆடினார்கள். சென்னையின், அகமதாபாத்தில்.

அடுத்த சீசன் கிரகரி பாதியில் போனார், ஓவன் கோயல் வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல், பின்னாலிருந்து கிரிவெல்லாரோ ஊட்டிக்கொண்டே இருந்தார். அழகு என்று சொன்னால் இந்த அணிதான், எட்வினும் இதில் இருந்தார். கோவாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போனோம். 2020 மார்ச் 14. கொரோனா. ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3. டிவியில் பந்து கம்பத்தில் பட்ட சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. அதுதான் நாங்கள் ஆடிய கடைசி இறுதி.

பிறகு மூன்று வருடம் எட்டாம் இடம், எட்டாம் இடம், எட்டாம் இடம். லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று வருடத்துக்கு ஒரு கோச். லாஸ்லோ காலத்தில் 20 ஆட்டத்தில் 11 டிரா. தோற்றால் திட்டலாம், ஜெயித்தால் கொண்டாடலாம், டிராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரே ஒரு நல்ல விஷயம், 2022ல் பாண்டோவிச் போனதும் மீதி ஆட்டங்களுக்கு நைனாவின் பழைய இந்தியன் வங்கி ஆள் சபீர் பாஷா பொறுப்பேற்றார். நைனா அந்த வாரம் சவரம் செய்துகொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்.

என் குறை தோல்வி இல்லை. இரண்டு கோப்பை பார்த்தவன் நான். இந்த லீக்கில் ஒன்றும் பார்க்காமல் பத்து வருடம் மஞ்சள் சட்டை போட்டுத் தொண்டை கிழியக் கத்தும் கேரளாக்காரர்களை வருடா வருடம் நம் ஸ்டேடியத்திலேயே பார்க்கிறேன். (சில நாள் நம்மைவிட அவர்கள்தான் அதிகம். கொஞ்சம் வெட்கம்தான்.) என் குறை, ஒரு அணி உருவாகும்போதே அதைப் பிரித்துப் போடும் பழக்கம். ஜெஜே போனார். அகஸ்டோ போனார். 2023ல் தாபாவும் மோகன் பகானுக்குப் போனார். பதினெட்டு வயதில் வந்து, இங்கேயே கேப்டனாகி, ஏழு வருடம் இருந்த பையன். பணம் வந்திருக்கும், கணக்கு சரியாக இருக்கும். ஆனால் என் மகன் சட்டையின் முதுகில் எழுதியிருந்த பேர் அது. இப்போது யார் பேரை எழுதுவது என்று அவன் கேட்டபோது, 'எதுவும் வேண்டாம், வெறும் நம்பர் போதும்' என்றேன். சட்டையாவது நாலு வருடம் உழைக்கும்.

கோயல் 2023ல் திரும்பி வந்தார். ஆறாம் இடம், பிளேஆஃபில் கோவாவிடம் 1-2. வயதுக்கு வந்த பிள்ளை ஊர் திரும்பியது போல ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். கானர் ஷீல்ட்ஸ் ஓட்டம் பிடித்தது, ரயன் எட்வர்ட்ஸ் பின்னால் நின்றால் தைரியமாக இருந்தது. அடுத்த சீசன் 13 அணியில் 11வது. கோயலும் போனார். 2025ல் கிளிஃபோர்டு மிராண்டா கோச்சாக வந்தார், கோவாக்காரர், 2023ல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர். வெளிநாட்டுப் பெயருக்காக அலையாமல் நம் நாட்டு ஆளை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் வந்த நேரத்தில் லீக்கே இல்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தியவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப்போக, 2025ல் தொடங்கவேண்டிய சீசன் அந்த வருடம் தொடங்கவே இல்லை. அணி மோசமாக ஆடினால் திட்டலாம் என்றேனே, ஆடவே இல்லையென்றால் யாரைத் திட்டுவது என்று அந்த டிசம்பரில் தெரிந்துகொண்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு. நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தயத் தடம் நடுவில் இருப்பதால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்க் கோல் பக்கம் நடப்பது எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். மேலே ஏறி உட்காருங்கள். பாட்டும் தாளமும் வேண்டுமென்றால் பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் குழு ஆட்கள் இருக்கும் பக்கம் போங்கள். காது வலித்தால் என்னைக் கேட்காதீர்கள். ஜெர்சியை ஒரு ஆன்லைன் கடையில் பாதி விலை என்று வாங்கினேன், ஒரே துவையலில் சின்னத்தில் இருந்த முகம் பூனையாகிவிட்டது. நேராகப் போய் நல்லதாக வாங்குங்கள். முதல் ஆட்டமாக பிளாஸ்டர்ஸ் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள், சாதாரண நாளில் காலி நாற்காலி பார்த்து மனசு விட்டுப்போகும்.

மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், போன ஞாயிறு மகனுக்கு ஒரு சைஸ் பெரிதாக ஜெர்சி எடுத்தேன். நைனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புது அணியின் பட்டியலைக் கேட்டார். படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் "எந்த ஊரு?" என்றார். மணிப்பூர், மிசோரம், கோவா, பிரேசில் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பெயரில் கையைக் காட்டி நிறுத்தினார். "இவன் நம்மூரா?" ஆமாம் என்றேன். "அப்ப எனக்கும் ஒரு டிக்கெட் சொல்லு" என்றார்.