குதிகாலா, 0.883-ஆ? சீட் உயரத்துக்கு எது சரி

தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக்கு முதல் தடவை சைக்கிள் மிதித்தபோது, மீஞ்சூர் வருவதற்குள் முட்டியின் முன்பக்கம் குத்த ஆரம்பித்துவிட்டது. கடையில் இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கிக் கொடுத்திருந்தார்கள். காசிமேடு வரை போய் மீன் வாங்கிவர அது போதும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஆகாது.

சீட்டை ஏற்ற இரண்டு வழி சொல்வார்கள். முதலாவது குதிகால் கணக்கு. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை அடிவரை இறக்கி, அதில் குதிகாலை வைக்க வேண்டும். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கும். செலவில்லை, இரண்டு நிமிட வேலை. ஓட்டும்போது போடுகிற செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும்.

இரண்டாவது, டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரால் பரவிய கணக்கு. சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே தடிப் புத்தகத்தைக் கவட்டில் முட்டும்படி இறுக்கி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து 0.883-ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. வந்தால் 70.6. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த அளவு. ஒருமுறை குறித்துக்கொண்டால் எந்த சைக்கிளுக்கும் வைக்கலாம். ஆனால் கிராங்க் நீளமோ, செருப்பின் தடிமனோ அந்த எண்ணுக்குத் தெரியாது.

எனக்கு 0.883 கணக்கு, குதிகால் அளவைவிட ஒரு செ.மீ. உயரமாகக் காட்டியது. அப்படியே எண்ணூர் ரோட்டில் போனேன். பின்னால் வந்த நண்பன், "மச்சான், இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுதுடா" என்றான். சீட் அதிக உயரம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முட்டியின் பின்பக்கம் இழுத்தாலும் அதே அர்த்தம்தான். ஐந்து மி.மீ. இறக்கியதும் அடங்கியது.

என் ஓட்டு குதிகாலுக்கு. ஒரு தொல்லை உண்டு: கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திடீரென நிற்கும்போது கால் எட்டாது, சீட்டை விட்டு முன்னால் இறங்கப் பழக வேண்டும்.

கை மரத்துப்போனால் பலர் சீட்டை முன்னால் தள்ளுவார்கள். பாரம் இன்னும் கையில்தான் ஏறும். ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். சீட்டுக்குப் போடும் ஜெல் கவரோ, முதல் பத்து கிலோமீட்டருக்குத்தான் சுகம்.

உயரம் படிந்ததும், சீட் கம்பி ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டேன். பஞ்சர் கடையில் யார் இறக்கினாலும் தெரிந்துவிடும்.