மெசின் திருத்தக் கொடுக்கிறவர்கள் வாசியுங்கள்: என் 38,500 ரூபாய் போன கதை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பின்னேரம்தான் விஷயம் வெளித்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை. மண்ணெண்ணெய் மெசினால் தண்ணீர் இறைக்கிறவர்கள் எல்லோரும் இதை வாசியுங்கள். மெசின் ஸ்ரார்ட் வராவிட்டால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். முதலில் என் 38,500 ரூபாய் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் விசுவமடுப் பக்கம். கால் ஏக்கர் மிளகாய், அரை ஏக்கர் கச்சான். கிணற்றடியில் இரண்டு இஞ்சி மெசின், ஐந்தரைக் குதிரைவலு. தாங்கியில் இரண்டு அறை: சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிற்பாட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர் மறுபடி பெற்றோல் பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டர் கிண்ணத்துக்குள் மண்ணெண்ணெய் நின்றுவிடும், அடுத்த நாள் குளிர் எஞ்சினில் அது பற்றாது. ஆறு வருசமாக நானே கயிறு இழுத்து நானே இறைக்கிறேன், இதெல்லாம் எனக்குப் பாடம்.

போன மாதம் ஒரு வியாழன் காலை கயிறு இழுத்தால் மெசின் மூச்சே விடவில்லை. பத்து இழுவை, இருபது இழுவை. காபரேட்டர் கிண்ணத்தை வடித்தேன். குழாய்க்குக் கீழே அழுக்குத் தங்குகிற சின்னக் கோப்பையைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கை எடுத்து, கரியை மண்தாளால் உரஞ்சிப் போட்டேன். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு இரவு வைத்தும் பார்த்தேன், தண்ணீர் இருந்தால் அடியில் தெளிந்து நிற்கும். அப்படி ஒன்றும் இல்லை. தெரிந்ததை எல்லாம் செய்தேன். தெரியாத ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதிப் பக்கம் இருக்கிற ஒரு கடைக்குப் போனேன். பெயர் எழுதவில்லை. பம்ப், ஜெனரேட்டர், புல்லு வெட்டுகிற மெசின் எல்லாம் திருத்துகிற கடை, அவ்வளவுதான்.

நல்ல வரவேற்பு. கதிரை போட்டார்கள், பிளேன்ரீ வந்தது. முதலாளிப் பெடியன் என் மகன் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பான். என் கண் முன்னாலேயே பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் பிடித்து, கயிறு இழுத்துக் காட்டினான். “பாருங்கோ அக்கா, நெருப்பு இல்லை. கொயில் செத்துப்போச்சு. மண்ணெண்ணெய் அடிச்சு அடிச்சு காபரேட்டரும் போய்ட்டுது. ரிங்கும் தேஞ்சிருக்கும்.” நெருப்பு இல்லைதான். நானும் பார்த்தேன். கண்ணால் கண்டதை எப்படி நம்பாமல் இருப்பது?

பிறகு குரலைத் தணித்துக் கேட்டான், “அக்கா, கையில எவ்வளவு வைச்சிருக்கிறியள்? அதுக்குள்ள முடிச்சுத் தாறன்.” அக்கறையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். முதல் நாள்தான் சீட்டுக்காசு நாற்பதாயிரம் எடுத்திருந்தேன். அதை அப்படியே சொன்னேன். சொந்தத் தம்பியிடம் சொல்வது போலச் சொன்னேன். இந்த இடத்தை நினைத்தால்தான் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை மெசின் தயார். காபரேட்டர் புதுசு 9,500. கொயில் 7,000. ரிங், போர் வேலை (பிஸ்ரன் வளையம் மாற்றி, சிலிண்டரைக் குடைவது) 16,000. கூலி 6,000. மொத்தம் 38,500. நாற்பதாயிரத்தில் 1,500 மிச்சம். வீட்டுக்குப் போக ஓட்டோக் காசை விட்டுவைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான், பாருங்கள்! அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. “ஒயிலும் புதுசா விட்டிருக்கிறன் அக்கா. அதுக்குக் காசு வேண்டாம், அது என்ர கணக்கு” என்று சொன்னான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அயலுக்கெல்லாம் சொன்னேன், இந்தக் காலத்திலும் இப்படிப் பெடியள் இருக்கிறார்கள் என்று. ஒருத்தி அவன் நம்பரையும் வாங்கிப் போனாள்.

கடையில் ஓட்டிக் காட்டும்போது ஒரு இழுவையில் பிடித்தது. தோட்டத்தில் ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் பழையபடி மூச்சில்லை.

போன் எடுத்தேன். “மலிவு மண்ணெண்ணெய் விட்டிருப்பியள் அக்கா” என்றான். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றினார்களே, அதற்குப் பிறகு மலிவு மண்ணெண்ணெய் என்று ஒன்று எந்த ஊரில் விற்கிறது? அடுத்த நாள் எடுத்தால், மாஸ்ரர் (முதலாளிப் பெடியனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) வவுனியாவுக்குப் போய்விட்டாராம். அதற்கடுத்த நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குரல் பதிவு அனுப்பினேன். கேட்டதற்கு நீலச் சரி விழுந்தது, பதில் விழவில்லை. இதற்கிடையில் மிளகாய்க் கன்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. பூ உதிரத் தொடங்கியது. வாளியால் அள்ளிக் கால் ஏக்கருக்கு ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் முதுகு என்ன சொல்லும் என்று.

நேரில் போனேன். காலை ஒன்பதுக்குப் போய் ஒரு மணிவரைக்கும் இருந்தேன். இந்த முறை பிளேன்ரீ இல்லை. எனக்குப் பிறகு வந்த நாலு பேரைப் பார்த்து அனுப்பிவிட்டு, “பில் இருக்கோ?” என்றான். இருந்தது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவன் கையாலேயே எழுதித் தந்த கணக்கு. கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, கையெழுத்து இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான், “இது எங்கட கடையில தந்தது எண்டு ஆர் சொன்னது?” பக்கத்தில் நின்ற வேலைக்காரப் பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியாக, “அக்கா, மெசினைப் பற்றி உங்களுக்கு விளங்காது. கொண்டுவாங்கோ, பார்ப்பம். ஆனா இன்னொரு பதினைஞ்சு முடியும்” என்றான். 38,500 வாங்கியது காணாதாம்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். பக்கத்துக் காணிப் பெரியப்பா வேலியால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, வாளியோட நிக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இங்கே பெற்றோலைக் கண்ணால் காண்பதே அருமை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டி, காபரேட்டருக்குள் நாலு துளி மட்டும் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணிய ஆள் அவர். எஞ்சினோடு கதைக்கத் தெரிந்தவர். முதலிலேயே அவரிடம் போகாமல் கதிரையும் பிளேன்ரீயும் தந்தவனிடம் போனேன் பாருங்கள்.

“கிண்ணத்தை வடி” என்றார். பத்தாம் நம்பர் ஸ்பானரால் கிண்ணத்து போல்ற்றைக் கழற்றினேன். அதோடு ஒரு கறுப்பு வட்டம் என் உள்ளங்கையில் விழுந்தது. சைக்கிள் ரியூப்பில் நான் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்ட வாசர். போன வருசம் கிண்ணம் ஒழுகியபோது அவசரத்துக்குப் போட்டது. வட்டம்கூடச் சரியாக வெட்டுப்படவில்லை, ஒரு பக்கம் கோணல். எண்ணெயில் ஊறிப் பருத்து, இரத்தம் குடித்த அட்டை மாதிரி இருந்தது. 9,500 ரூபாய்ப் புதுக் காபரேட்டருக்குள் என் பழைய கோணல் வாசர் எப்படி வந்தது?

கால் சோர்ந்து அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் குனிந்து எஞ்சின் தலையைப் பார்த்தார். ரிங் மாற்றுவதென்றால் அந்த நாலு போல்ற்றையும் கழற்றாமல் முடியாது. நாலின் பள்ளத்திலும் பழைய செம்மண் இறுகிக் கிடந்தது, ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. 16,000 ரூபாய்! கொயிலை மூடியைக் கழற்றிப் பார்த்தோம். துரு ஏறின பழைய கொயில்.

“அப்ப ஏன் நெருப்பு வரேல்லை?” என்று கேட்டேன். அவர் ஒயில் மூடியைத் திருகி எடுத்தார். அதிலிருக்கிற குச்சி காய்ந்து கிடந்தது. அடியில் வடிக்கிற போல்ற்றுக்குக் கீழே ஒரு ஈரப் பொட்டு. அதால்தான் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டு இருந்திருக்கிறது. கிணற்றடி மணல் குடித்துவிடுவதால் நான் காணவில்லை. இந்த மாதிரி மெசின்களில் ஒயில் குறைந்தால் எஞ்சின் இறுகிப்போகாமல் இருக்க உள்ளே ஒரு மிதப்பு வைத்திருக்கிறார்கள். ஒயில் மட்டம் இறங்கினால் அது தீப்பொறியை அறுத்துவிடும். எல்லா மெசினிலும் இல்லையாம், என்னுடையதில் இருக்கிறது. போல்ற்றுக்கு வேறு வாசர் போட்டு, அரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே ஒயில் விட்டு இழுத்தோம். மூன்றாவது இழுவையில் பிடித்தது.

விளங்குகிறதா? கடையில் மெசின் ஸ்ரார்ட் வந்ததே அந்த ஒயிலால்தான். அவன் உண்மையாகச் செய்த ஒரே வேலை அது. அதற்குத்தான் காசு வேண்டாம் என்றான். செய்யாத வேலைக்கு 38,500 ரூபாய்.

இன்றைக்கு 1977 என்ற நம்பருக்கு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, போன் அடிக்கப் போகிறேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. கலண்டர் தாளையும் வாசரையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்ரார்ட் வராவிட்டால் பார்க்க வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன் என்றேன், இப்போது நேரமில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, பாத்தி மாற்ற வேண்டும். முதலில் ஒயில் குச்சியைப் பாருங்கள், மெசினை மட்டமாக வைத்துப் பாருங்கள், சரிந்து நின்றாலும் மிதப்பு ஏமாற்றும். ஒயில் கூடியிருந்து மண்ணெண்ணெய் மணத்தால் அதுவும் கூடாது, மாற்றுங்கள். கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முன்னர் கொயிலையும் காபரேட்டரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆணியால் ஒரு கீறலும் போட்டு விடுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் வாயைத் திறக்காதீர்கள்.

மிச்சம் பிறகு எழுதுகிறேன். மகன் கூப்பிடுகிறான், கடைசிப் பாத்தியும் நிரம்பிவிட்டதாம், போய்ப் பெற்றோல் பக்கம் திருப்ப வேண்டும்.