ஒரு பிள்ளைக்கா, பள்ளிக்கா?

வெளிநாட்டில் ஏழைகள் வாழும் பகுதியில் இயங்கும் கிறிஸ்தவப் பள்ளிக்கு உதவ இரண்டு வழிகள் உண்டு: ஒரு பிள்ளையின் செலவை மாதாமாதம் ஏற்பது, இல்லையென்றால் பள்ளியின் பொது நிதிக்குக் கொடுப்பது.

முதல் வழி மனதைத் தொடும். புகைப்படம் வரும், கடிதம் வரும், பெயர் சொல்லி ஜெபிக்கலாம். பலனும் உண்டு. உள்ளூர்ச் சபைகள் வழியாகப் பிள்ளைகளைத் தாங்கும் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பின் திட்டத்தைப் பொருளியலாளர் புரூஸ் வைடிக் குழுவினர் 6 நாடுகளில் ஆராய்ந்தார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி, உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். சரி, ஆனால் ஒரே வீட்டில் அக்காவுக்குப் புதுச் சீருடை, தம்பிக்கு எதுவும் இல்லை என்றால்? கடிதங்களை மொழிபெயர்த்து அனுப்பவும் பணம் கரையும்.

பொது நிதியில் இந்த நெருக்கம் கிடைக்காது. கழிப்பறைக் கதவு நன்றிக் கடிதம் எழுதுமா என்ன! ஆனால் ஆசிரியர் சம்பளம், மதிய உணவு, குடிநீர் எல்லாம் இதிலிருந்துதான். சம்பளம் நின்றால் ஆசிரியர் வேறு வேலை தேடிப் போவார். புகைப்படத்தில் இருக்கும் பிள்ளைக்கும் வகுப்பு இருக்காது. சிக்கல் ஒன்றுதான், பணம் எங்கே போனது என்பது எளிதில் தெரியாது. தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் உள்ளூர்ப் பெற்றோர் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கணக்கு ஒழுங்காக வந்தால் என் ஓட்டு பொது நிதிக்கே. கேட்டதும் மழுப்பினால், தனிப்பிள்ளைத் திட்டத்துக்குக்கூட அந்தப் பள்ளியிடம் பணம் தரமாட்டேன்.