வெள்ளவத்தை தடுப்பூசி வகுப்பு, 6,500 ரூபா: போகலாமா?

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிலையம் நடத்திய வகுப்புக்குப் போய் வந்தேன். பெயரைப் போடவில்லை, வீண் சண்டை எதற்கு. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேன், கீழே போட்டோகொப்பி கடை, மேலே ஹோல். 6,500 ரூபாவுக்குள் மதியச் சோற்றுப் பார்சலும் அடக்கம். கொரோனா வைரஸுக்கு சப்யூனிட் தடுப்பூசி செய்வதென்றால் அதன் எந்தப் புரதத்தை எடுப்பது என்பதுதான் விஷயம். நான் ஆய்வுகூடத்தில் எம்.எல்.டி. வேலை பார்ப்பவன். மற்றதெல்லாம் ஏ.எல். பிள்ளைகளும் கம்பஸ் பிள்ளைகளும், நரைத்த தலை என்னோடு சேர்த்து மூன்றோ நாலோ.

முதல் நாள் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சேர் தொடங்கியதே எங்கள் கையில் ஏறின ஊசியை வைத்துத்தான். இங்கே பெரும்பாலானவர்கள் போட்ட சினோபார்ம், செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதற்கு முதல் 2021 ஜனவரியில் வந்த கொவிஷீல்ட், வைரஸின் மேலே முள்ளாக நீட்டி நிற்கும் ஸ்பைக் புரதத்தின் மரபணுவை மட்டும் சுமந்து போவது. சப்யூனிட்டில் மரபணுவும் இல்லை, வெளியே கலங்களில் செய்து சுத்திகரித்த புரதத் துண்டு மட்டும்தான் உள்ளே போகிறது, அதனால் எந்தத் துண்டை விட்டோமோ அதை உடம்பு ஒருநாளும் காணாது.

வைரஸின் கட்டமைப்புப் புரதங்கள் நாலு. அதில் இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிட்டார், அது சரிதான். ஈ புரதம் வெறும் 75 அமினோ அமிலம், ஒரு வைரஸில் கொஞ்சமே இருக்கும். எம் புரதம் ஏராளம், ஆனால் வெளியே தலை நீட்டுவது மிகக் கொஞ்சம். மிச்சம் ஸ்பைக்கும் நியூக்கிளியோகப்சிட்டும்.

ஸ்பைக்குக்கு வந்தபோது சேர் மூலையில் கிடந்த யாரோ ஒருவரின் ஈரக் குடையை எடுத்து விரித்தார். பிறகு ஒரு இழுவையில் கம்பிகளை மறுபக்கம் திருப்பினார், கடற்கரைக் காற்றில் திரும்புமே, அப்படி. (குடைக்காரப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.) கலத்துக்குள் நுழைய முதல் ஸ்பைக் ஒரு வடிவம், நுழையும்போது திரும்பி வேறொரு வடிவம். வைரஸைத் தடுக்கும் நல்ல பிறபொருளெதிரிகளில் பெரும்பகுதி முதல் வடிவத்தைத்தான் பிடிக்கும். தனியாகச் செய்தெடுத்த ஸ்பைக்கோ தானாகவே திரும்பிவிடும், திரும்பின குடையைக் காட்டி விரித்த குடையை எப்படி அடையாளம் பிடிக்கச் சொல்வது? அதனால் 986, 987ஆம் இடங்களில் இருந்த இரண்டு அமினோ அமிலங்களைத் தூக்கிவிட்டு புரோலின் வைத்து மடங்காமல் பூட்டினார்கள். இந்த வித்தையை அதே கொரோனா குடும்பத்து மேர்ஸ் வைரஸில் செய்து காட்டி 2017இலேயே வெளியிட்டிருந்தார்கள், கொவிட் வந்தபோது அது கையில் தயாராக இருந்தது. நோவாவக்ஸ் தடுப்பூசியில் இருப்பது இப்படிப் பூட்டின முழு ஸ்பைக். அதை வளர்ப்பது எங்கள் சோளத்தைத் தின்ற சேனா படைப்புழு இருக்கிறதே, அதே பூச்சி இனத்திலிருந்து எடுத்த கலங்களில் என்றதும் ஹோலே சிரித்தது.

அப்புறம் ஆர்.பி.டி., அதாவது ஸ்பைக்கில் எங்கள் கலத்தின் மேலிருக்கும் ஏஸ்2 என்ற புரதத்தைப் பிடிக்கும் பகுதி. இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலம்தான், மதுவத்தில் மலிவாகச் செய்யலாம். ஹைதராபாத்தில் செய்து இந்தியா 2021 டிசம்பரில் அனுமதித்த கோர்பிவாக்ஸும் கியூபாவின் அப்டலாவும் அப்படித்தான். சின்னத் துண்டு என்பதால் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது, அதற்குத்தான் சீனாவின் இசட்.எஃப்.2001இல் இரண்டை ஒட்டி, மூன்று ஊசி போட்டார்கள். தென்கொரியாவின் ஸ்கைகோவியோன் ஒரு நுண்துகளில் 60ஐக் குத்தி வைத்திருக்கிறது. ஆனால் ஒமிக்ரோன் வந்தபோது அந்தச் சின்ன இடத்திலேயே பதினைந்து மாற்றங்கள் அளவில் இருந்தன.

இதுவரை முழுப் புள்ளி. நியூக்கிளியோகப்சிட்டில்தான் சறுக்கல். "இது மாறாது, ஆகவே இதுதான் எதிர்காலம்" என்று ஒரு ஸ்லைட்டில் முடித்துவிட்டார். மாறுவது குறைவு, உண்மை. இதே குடும்பத்துப் பழைய வைரஸான சார்ஸில் தப்பினவர்களின் டி கலங்கள் (நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை) 17 வருடத்துக்குப் பிறகும் இதை ஞாபகம் வைத்திருந்தன, புதிய வைரஸின் புரதத்தையும் அடையாளம் கண்டன. ஆனால் அது வைரஸுக்குள்ளே ஆர்.என்.ஏ.யைச் சுற்றிக்கொண்டு கிடப்பது, பிறபொருளெதிரி எத்தனை இருந்தாலும் நுழைவதைத் தடுக்க முடியாது. போதாததற்கு, சார்ஸ் காலத்து எலி ஆய்வுகளில் இதை மட்டும் கொடுத்தபோது பிறகு தொற்றின வைரஸால் நுரையீரல் அழற்சி கூடியது. கேட்டேன். "அதைப் பிறகு பார்ப்பம் தம்பி" என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை.

எனக்கு இந்தப் புரதத்தோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு அம்மா ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார், "எனக்குக் கொரோனா வரவே இல்ல தம்பி, இதில பொசிட்டிவ் எண்டு கிடக்குது." செய்தது இரத்தத்தில் நியூக்கிளியோகப்சிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனை, அவர் போட்டது சினோபார்ம். முழு வைரஸ் ஊசியில் அந்தப் புரதமும் இருப்பதால் ஊசியா நோயா என்று அந்தப் பரிசோதனையால் பிரிக்க முடியாது. ஸ்பைக் மட்டும் உள்ள ஊசி போட்டிருந்தால் பிரிக்கலாம். எந்தப் புரதத்தை எடுப்பது என்ற தேர்வு கடைசியில் எங்கள் கவுண்டர் வரைக்கும் வந்து நிற்கிறது, வகுப்பில் இதற்கு ஒரு வசனமாவது இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் எனக்கு நட்டம். முழுக்க கம்ப்யூட்டர். புரத வரிசையை ஒரு மென்பொருளில் போடு, 0.4க்கு மேல் புள்ளி வந்த துண்டுகளைப் பொறுக்கு, வரிசையாக ஒட்டு, தடுப்பூசி ரெடி. பக்கத்தில் இருந்த கம்பஸ் பிள்ளை கேட்டாள், "சேர், இந்தத் துண்டு சர்க்கரைக்குக் கீழ மறைஞ்சிருந்தா?" சரியான கேள்வி. மூன்று சங்கிலி சேர்ந்த ஸ்பைக்கில் சர்க்கரை ஒட்டும் இடங்கள் 66, அந்தப் போர்வைக்குள் பிறபொருளெதிரி கை வைக்க இடமில்லை. துண்டைத் தனியே வெட்டினால் குடை வடிவமும் இல்லை. முதல் நாள் குடையைத் திருப்பிக் காட்டிய அதே மனிதர் "மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்று அடுத்த ஸ்லைட்டுக்குப் போனபோது நான் பிளேன்டீ குடிக்க எழும்பிவிட்டேன்.

சோற்றுப் பார்சல் நல்லது, கத்தரிக்காய்க் கறிக்குத் தனியாகக் காசு வாங்கினாலும் கொடுப்பேன். நோட்ஸ் முழுக்க ஆங்கிலம், பேசியது தமிழ், ஏ.எல். பிள்ளைகள் திண்டாடினார்கள். அடுத்த முறை முதல் நாளுக்கு மட்டும் சேரலாமா என்று கேட்டுப் பாருங்கள், எனக்கு முடியாது என்றார்கள். போனால் முன் வரிசையில் இருக்காதீர்கள், ஏசி தண்ணீர் சொட்டுகிறது. குடையைக் கண் படும் இடத்தில் வைக்கவும் வேண்டாம்.